ஆப்பிள் வேண்டாமுங்க, ஒரு நேரம் பால் கறந்து குடுத்துட்டுப் போங்க

பொங்கலுக்கு முன்னாடி எழுதினது, அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரலை. மஞ்சள் வெட்டு ஆரம்பிச்சாச்சா, காய் எப்படி இறங்கியிருக்குன்னு போன்ல கேட்டவங்களுக்கெல்லாம் "கொஞ்சம் உடம்பு சரியில்லைங்க"ன்னு மட்டும் சொல்லி வெச்சுட்டேன். இப்ப உக்காந்து எழுதற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சு, அதனால நடந்ததைச் சொல்லிடறேன். அதோட என் அபிப்பிராயம் ஒண்ணும் இருக்கு. சில பேருக்குக் கோபம் வரலாம். வந்தா வரட்டுமுங்க.

எனக்குக் குடலிறக்கம். ஹெர்னியான்னு சொல்றாங்களே, அதேதான். வலது பக்கம், அடிவயிறும் தொடையும் சேர்ற இடத்துல எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்தா உள்ள போயிடும், எந்திரிச்சு நடந்தா வெளிய வந்துடும். ரெண்டு வருஷமா இதை வெச்சுக்கிட்டுத்தான் 50 கிலோ தீவன மூட்டையைத் தோள்ல போட்டுட்டு இருந்தேன். டாக்டர் அப்பவே சொன்னார், இது மருந்துல போறதில்லை, ஆபரேஷன்தான் வழின்னு. நான்தான் தள்ளிப் போட்டேன். மொதல்ல மஞ்சள் வெட்டு முடியட்டும்னேன். அப்புறம் நடவு முடியட்டும்னேன். அப்புறம் மாடு கன்னு போடட்டும்னேன். தோட்டத்துல ஒரு வேலை முடியும்போது அடுத்த வேலை வாசல்ல நிக்குமுங்க. பண்ணையம் பண்றவனுக்கு ஒழிஞ்ச மாசம்னு ஒண்ணு எந்தப் பஞ்சாங்கத்துலயும் கிடையாது.

மார்கழி 20-ம் தேதி ராத்திரி அது வெளிய வந்து மாட்டிக்கிச்சு. படுத்தும் உள்ள போகலை. கல்லு மாதிரி ஆகி, வலி பொறுக்க முடியலை, வாந்தி வேற. அந்த நேரத்துல பக்கத்துத் தோட்டத்து அண்ணன் காரை எடுத்துட்டு வந்தார். ஆஸ்பத்திரியில டாக்டர் மெதுவா அமுத்தி உள்ள தள்ளிட்டு, "உங்க நல்ல நேரம். குடல் அப்படியே மாட்டி ரத்த ஓட்டம் நின்னிருந்தா, அந்தக் குடலையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அதுக்கு நாள் கணக்கு இல்லைங்க, மணிக் கணக்குதான்"னார். பொங்கல் முடிஞ்சு வரட்டுங்களான்னு நான் கேட்டேன். அவர் என் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார். அவ "நாளன்னிக்கே பண்ணிடுங்க சார்"னு சொல்லிட்டா.

மார்கழி 22-ல வெட்டி, உள்ள வலை வெச்சுத் தெச்சாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால ஆபரேஷன் செலவு கையைக் கடிக்கலை. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் பார்க்கறாங்க. இன்னும் எடுக்காதவங்க வி.ஏ.ஓ. கிட்ட வருமானச் சான்று வாங்கி, உடம்பு நல்லா இருக்கும்போதே எடுத்து வெச்சுக்கங்க. ஆனா ஒண்ணுங்க, அந்த அட்டை ஆஸ்பத்திரி வாசப்படி வரைக்கும்தான் கூட வரும். வீட்டுக்கு வந்த மறுநாள் விடிய நாலரைக்கு மாடு கத்தும் பாருங்க, அதுக்கு எந்த அட்டையும் கிடையாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது இதுதான். நடக்கலாம், நடக்கணும். ஆனா ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. முக்கக் கூடாது. இருமல் வந்தா தலையணையை வயித்தோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டு இருமணும். இப்ப நம்ம வேலையைக் கணக்குப் போட்டுப் பாருங்க. தண்ணி வாளி, பால் கேன், தீவன மூட்டை, சோளத்தட்டுக் கட்டு, சாணிக் கூடை. கனம் இல்லாத வேலைன்னு தோட்டத்துல எது இருக்குது? ஆள் அனுப்பறது, போன் பேசறது ரெண்டும்தான்.

ஆசாரத்துல கயித்துக் கட்டிலைப் போட்டு என்னைப் படுக்க வெச்சாங்க. அங்கிருந்து பார்த்தா கட்டுத்தரை முழுசாத் தெரியும். அதுதான் தண்டனையே. செவலை மாட்டுக்கு என் கை பழக்கம். வீட்டுக்காரம்மா உக்காந்தா முதல் ரெண்டு நாள் உதைச்சுது, பாலை அடக்கிக்கிச்சு. எட்டு லிட்டர் கறக்கறது அஞ்சா இறங்கிடுச்சு. அரைப் பரீட்சை லீவு அப்பத்தான் முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்திருந்தாங்க. பையன் யூனிபார்ம் போடறதுக்கு முன்னாடி கன்னைப் புடிச்சுக் கட்டுவான். பொண்ணு சைக்கிள்ல கேனை மாட்டிட்டு சொசைட்டிக்குப் போவா. பொங்கல் லீவு விட்டதும் ரெண்டு பேரும் நாள் முழுக்க மாட்டோடதான். வருஷா வருஷம் காணும் பொங்கலுக்கு அம்மிச்சி ஊருக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வர்றவங்க, இந்த வருஷம் போகலை. பொண்ணு வாய் திறந்து ஒண்ணும் சொல்லலை. ஆனா பெரியம்மா புள்ளைங்க போன்ல கூப்பிட்டுச் சிரிக்கறப்ப, அவ மூஞ்சியைப் பார்க்க எனக்குத்தான் முடியலை.

சாப்பாட்டு விஷயத்துல எங்கம்மா ஒரு சட்டம் போட்டாங்க. பருப்பு தின்னா புண்ணு சீழ் வெக்கும். தக்காளி ஆகாது. முட்டை ஆகாது. வெறும் ரசஞ்சோறு, சுட்ட அப்பளம். நாலு நாள் அதைத் தின்னதுல அஞ்சாம் நாள் வயிறு கட்டிக்கிச்சு. முக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்ன ஆளுக்கு மலச்சிக்கல்! போன் போட்டுக் கேட்டா, "பருப்பும் முட்டையும் கீரையும் சாப்பிட்டாத்தாங்க புண்ணு சீக்கிரம் ஆறும், தண்ணி நிறையக் குடிங்க"ன்னு திட்டினார். அதுக்கப்புறம்தான் பச்சைப்பயிறு கடைசலும் கீரையும் தட்டுக்கு வந்துச்சு. பெரியவங்க பாசத்துல சொல்றதுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா புண்ணு ஆற சத்து வேணும். வயலுக்கு உரம் போடாம விளையாதுன்னு தெரிஞ்ச நமக்கு இது புரியாம இருக்கலாமுங்களா?

இப்ப அபிப்பிராயத்துக்கு வர்றேன். மொதல்ல, பார்க்க வர்றவங்களைப் பத்தி.

நம்ம பக்கம் ஒருத்தர் படுத்துட்டா போய்ப் பார்க்காம இருக்க மாட்டோம். நல்ல பழக்கம்தான். ஆனா எனக்குப் பொங்கல் லீவுல வந்துச்சுங்க. வெளியூர்ல இருக்கற சொந்தமெல்லாம் ஊருக்கு வந்திருந்த சமயம். நோம்பிக்கு வந்தவங்க அப்படியே இங்கயும் ஒரு எட்டு. கட்டில்ல படுத்தவனுக்கு வேற வேலை இல்லாததால எண்ணினேன். காணும் பொங்கல் அன்னைக்கு மட்டும் 27 பேர். ஆளுக்கு ஒரு டீ. சில பேருக்குச் சக்கரை இல்லாம. மதியம் வந்தவங்களை "சாப்பிட்டுப் போங்க"ன்னு சொல்லாம விட முடியுமா? ஆறு கிலோ ஆப்பிள், நாலு கிலோ சாத்துக்குடி, ஒன்பது ஹார்லிக்ஸ் பாட்டில். வந்த ஒவ்வொருத்தரும் எனக்குச் சொன்ன புத்தி ஒண்ணுதான், "நல்லா ரெஸ்ட் எடு மாப்ள". அதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரம்மா ஆறாவது தடவையா டீத் தட்டோட நின்னுட்டு இருப்பா. விடிய நாலு மணிக்கு எந்திரிச்சவ. அவளைப் பார்த்து யாரும் ரெஸ்ட் எடுன்னு சொல்லலை. தப்பா நினைக்காதீங்க, நானும் சொல்லலை.

ஆப்பிள்ல பாதி கன்னுக்குட்டிக்குத்தான் போச்சு.

இவங்களுக்கு நடுவுல ஒரே ஒருத்தர் வித்தியாசமா வந்தார். ராத்திரி கார் எடுத்துட்டு வந்த அதே அண்ணன். பட்டிப் பொங்கல் அன்னைக்குப் பொழுதோட நாலரைக்கு வந்தார். கையில பழம் இல்லை. கட்டில்ல உக்காரவும் இல்லை. நேரா கட்டுத்தரைக்குப் போய், வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு, செவலையைத் தடவிக் குடுத்துப் பேசிப் பேசிக் கறந்தார். ஏழு லிட்டர். கேனை வண்டியில வெச்சுக்கிட்டு, "சொசைட்டியில ஊத்திட்டு நான் அப்படியே போறேன், எங்க பட்டிக்குப் பொங்கல் வெக்கணும்"னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார். அவர் வீட்டுலயும் அன்னைக்கு நோம்பிதானுங்க! அடுத்த ரெண்டு நாளும் அதே நேரத்துக்கு வந்தார். ஒரு டீ கூடக் குடிக்கலை. என் புண்ணு ஆறினதுல அந்த மூணு நாளுக்கும் பங்கு இருக்கு.

அதே பட்டிப் பொங்கல் ராத்திரிதான் எனக்கு வேற ஒண்ணு உறைச்சது. வீட்டுக்காரம்மா மாடுங்களுக்குப் பொட்டு வெச்சு, தெப்பக்குளம் கட்டி, பொங்கல் வெச்சு, தண்ணிக் குடத்தை இடுப்புல தூக்கிட்டுப் போறா. எங்கம்மா பெருமையாச் சொன்னாங்க: "இவளுக்கென்னடா! வயித்தைக் கிழிச்சு பன்னெண்டாம் நாளே எந்திரிச்சு மாடு கறந்தவ. உன்னை மாதிரியா?"

எனக்குச் சுருக்குனுது. நாலு வருஷத்துக்கு முன்னாடி, மே மாச லீவுல, அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்க. என்னுதை விடப் பெரிய ஆபரேஷன், பெரிய தையல். அவளுக்கும் டாக்டர் ஆறு வாரம்தான் சொன்னார். நான் பக்கத்துலதான் நின்னு கேட்டேன். பள்ளிக்கூட லீவுங்கறதால, "அம்மாவைத் தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு புள்ளைங்களை அம்மிச்சி ஊருக்கு அனுப்பிட்டேன். கைக்கு உதவியா இருந்திருக்கக்கூடிய ரெண்டு பேரையும் அனுப்பிட்டு, நான் மஞ்சள் நடவுக்குப் போயிட்டேன். பன்னெண்டாம் நாள் அவ கட்டுத்தரையில இருந்தா. அவளுக்கு வாளி எடுத்துக் குடுத்ததே நான்தான். போதாததுக்கு ஊரெல்லாம், "எங்கூட்டுக்காரம்மா கெட்டிக்காரி, பன்னெண்டே நாள்ல எந்திரிச்சுட்டா"ன்னு பெருமை பேசினேன்.

ராத்திரி அவ கிட்டக் கேட்டேன், "அன்னைக்கு வலிக்கலையா?"ன்னு.

"வலிச்சுதுங்க."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா யாருங்க கறக்கறது? நீங்க நடவுல இருந்தீங்க. நீங்க கேக்கலை, நான் சொல்லலை. இப்பத் தூங்குங்க, காலையில எனக்கு வேலை கிடக்குது."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அவளுக்கு இன்னைக்கும் இடுப்பு வலி இருக்குது. அன்னைக்கு எந்திரிச்சதுதான் காரணம்னு சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனா அந்த ஆறு வாரம் அவளுக்கு வர வேண்டிய கடன். அதைக் குடுக்காம ஏமாத்தினவன் நான்.

அதனால சொல்றேனுங்க. ஆபரேஷன் பண்ணி சீக்கிரம் எந்திரிச்சவங்களைப் பாராட்டறதை நாம மொதல்ல நிறுத்தணும். அது தைரியம் இல்லைங்க. வேற ஆள் இல்லாத குறை. நம்ம குறையை அவங்க பெருமையா ஆக்கி, மருமகளுக்கும் மகளுக்கும் அதையே அளவுகோலா நீட்டறோம்.

திருப்பூர் பனியன் கம்பெனியில வேலை பார்க்கற என் மச்சினனுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்குது. சீக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் குடுப்பாங்க. கம்பெனியில இருக்கற பொம்பளைங்களுக்குப் பேறுகால லீவு 26 வாரம்னு 2017-ல சட்டத்தைத் திருத்தினாங்க. அதே சட்டத்துல குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கும் ரெண்டு வாரம் சம்பளத்தோட லீவு உண்டு. நல்ல சட்டம்தான். ஆனா சொந்தக் காட்டுல பாடுபடற பொம்பளைக்கு முதலாளி யாரு? லீவு யார் கிட்டக் கேப்பா? புருஷன் கிட்டயும் மாமியா கிட்டயும்தான். அப்ப அந்தச் சட்டத்தை நாமதானே எழுதணும்?

எப்படி எழுதறதுன்னு கேப்பீங்க. புதுசா ஒண்ணும் வேண்டாம், நம்ம கிட்ட ஏற்கெனவே இருக்குது. முன்னாடி மாத்தாள் வெச்சோம். இன்னைக்கு உன் காட்டுல நான், நாளைக்கு என் காட்டுல நீ. கூலி பேச்சே கிடையாது. கல்யாணத்துக்கு மொய் வெக்கறோம், அதை நோட்டுல எழுதி வெச்சு, பத்து வருஷம் கழிச்சானாலும் திருப்பிச் செய்யறோம். ஒரு 500 ரூபாயை அவ்வளவு ஞாபகம் வெச்சிருக்கற நாம, ஒரு வேளைப் பால் கறவையை மொய்யா வெக்க முடியாதா? அக்கம்பக்கத்துல ஏழு தோட்டம் இருந்தா, ஆளுக்கு வாரத்துல ஒரு நாள். ஆறு வாரத்துக்கு ஒருத்தருக்கு ஆறு நாள் வேலை, அவ்வளவுதானே! நான் எங்கூட்டு மொய் நோட்டுல கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பேருக்கு நேரா "3 நேரக் கறவை"ன்னு எழுதி வெச்சிருக்கேன்.

"அவங்கவங்களுக்கே ஆயிரம் வேலை, ஒரு ஆளைக் கூலிக்கு வெச்சுட்டாப் போச்சு"ன்னு ஒரு பங்காளி சொன்னார். தை மாசம் ஆள் கிடைக்குதா, சொல்லுங்க. நோம்பி அவங்களுக்கும்தான் நோம்பி. இன்னொண்ணும் இருக்குது. மஞ்சள் வெட்டுக்குக் கூலிக்கு வர்ற அம்மாங்களுக்கு இதே ஆபரேஷன் ஆனா என்ன பண்ணுவாங்க? எனக்காவது மஞ்சள் காட்டுல நிக்குது. அவங்க வேலைக்கு வராத நாள் உலை வெக்காத நாள். அவங்க பன்னெண்டு நாள் கூடப் படுத்திருக்க மாட்டாங்க. அதனால காடு வெச்சிருக்கற நமக்கு ஒரு கடமை இருக்குது. ஆபரேஷன் ஆனவங்களைக் கூடை தூக்கவோ மண்வெட்டி புடிக்கவோ விடாம, உடம்பு தேறி வந்த பிறகு நிழல்ல உக்காந்து கிழங்கு வேற விரலி வேறயாப் பிரிக்கற வேலையைக் குடுக்கணும். கூலியில ஒரு ரூபா குறைக்கக் கூடாது. இந்த வருஷம் எங்க காட்டுல ஒரு அம்மாவுக்கு அப்படிச் செஞ்சோம். பெருமைக்குச் சொல்லலை, நாலு வருஷம் தாமதமாப் புத்தி வந்ததுக்காகச் சொல்றேன்.

நான் ஒழுங்கா இருந்தேனான்னு கேட்டா, அதுவும் இல்லைங்க. இருபதாம் நாள், யாரும் பார்க்கலைன்னு பால் கேனைத் தூக்கி வண்டியில வெச்சேன். பத்து லிட்டர் கேன். சுருக்குன்னு இழுத்தது, அப்படியே உக்காந்துட்டேன். பையன் பார்த்துட்டான். ஒண்ணும் பேசாமப் போய், கட்டில் மேல இருந்த தலையணையைக் கொண்டு வந்து என் கையில குடுத்தான். "இருமுங்கப்பா, டாக்டர் சொன்ன மாதிரி"ன்னான். அழுவதா சிரிக்கறதான்னு தெரியலை. சிரிச்சா வலிக்குது.

இன்னையோட 43 நாள். நேத்து டாக்டர் பார்த்துட்டு, இனி கொஞ்சம் கொஞ்சமா வேலை பார்க்கலாம், மூட்டை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம்னு சொல்லிட்டார். இன்னைக்கு விடிய நானே கறந்தேன். செவலை என்னை மோந்து பார்த்துட்டு, எட்டு லிட்டர் குடுத்துச்சு. வீட்டுக்காரம்மாவை ஏழு மணி வரைக்கும் எழுப்ப வேண்டாம்னு புள்ளைங்க கிட்டச் சொல்லியிருந்தேன். அஞ்சு மணிக்கே எந்திரிச்சு வந்துட்டா. பழக்கம். அதை மாத்தவும் நாளாகும்.

பங்குனியில பக்கத்துத் தோட்டத்து அண்ணியாருக்கு ஆபரேஷன் வெச்சிருக்காங்க. வர்ற மே லீவு வரைக்கும் தள்ளிப் போடலாம்னு இருந்தாங்க, வேண்டாம்னு சொல்லிட்டோம். காலைக் கறவை என்னுது, சாயங்காலம் இன்னும் ரெண்டு தோட்டத்துக்காரங்க ஒத்துக்கிட்டாங்க. பார்க்க வர்றவங்களுக்கு டீ போடற வேலை அந்த அண்ணனுக்கு. அவங்க வீட்டுல எருமைங்க. என் கையை அது என்ன பாடு படுத்தப் போகுதோ தெரியலை.

உங்க ஊர்லயும் யாராவது படுத்திருப்பாங்க. போகும்போது வெறுங்கையோட போங்க, பரவாயில்லை. வேட்டியை மட்டும் மடிச்சுக் கட்டிட்டுப் போங்க.